ஆறு வரைக்கும் நான், ஆற்றுக்குப் பிறகு நீ

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
17.01.1999

அன்புள்ள தம்பி தவத்துக்கு,

நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கடிதத்தில் "சுகமாக இருக்கிறேன், அம்மாவைக் கவனமாகப் பாருங்கள்" என்று இரண்டு வரி. அதைத் தந்தியாகவே அடித்திருக்கலாம், முத்திரை ஒட்டுகிற வேலையாவது மிச்சம்.

சரி, சண்டைக்கு எழுதவில்லை. எனக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டார்கள். இருபத்தாறு வயதாகிவிட்டது, இனி யார் வரப்போகிறார்கள் என்று பாக்கியரத்தினம் மாமி வேலிக்கு மேலால் அம்மாவைத் தேற்றிக்கொண்டிருந்தாவே, அவவின் வாயை அடைத்தாயிற்று. மாப்பிள்ளை பெயர் சோமசேகரம். துறைமுகத்தில் லிகிதர், கந்தோர் எழுத்து வேலை. அதிகம் பேசமாட்டார். பெண் பார்க்க வந்த அன்று நேவி தண்ணீருக்குள் குண்டு போட்டு, யன்னலெல்லாம் அதிர்ந்தது. எல்லாரும் கதையை நிறுத்திவிட்டார்கள். இவர் மட்டும் கையிலிருந்த வடையைத் தின்று முடித்து, "நல்ல முறுகல்" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது.

கலியாணம் ஜூன் நாலாந் திகதி, எங்கள் வீட்டிலேயே. இனி உன் விசயத்துக்கு வருகிறேன். அப்பா இல்லாத வீடு. பெண்ணின் சகோதரன்தான் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டியவன் நீ. அவர் உனக்கு மோதிரம் போடுவார். உனக்கு வேட்டியும் சால்வையும் வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன். தலைமயிரை ஒழுங்காக வெட்டிக்கொண்டு வா. போன வருசம் நீ அனுப்பிய படத்தில் காதை மூடிக்கொண்டு கிடந்தது.

ஜெமீல் நானாவின் கடையைக் கடந்து போகும்போதெல்லாம் உன் நினைவு வரும். ரீ.வி. கேமை இன்னும் வாடகைக்கு விடுகிறார். "தம்பி எப்ப வாறார்?" என்று கேட்டார். ஜூனில் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதே.

அக்கா,
குணேஸ்வரி

வெள்ளவத்தை,
கொழும்பு.
02.02.1999

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் சந்தோசம். வடையைத் தின்று முடித்தவரை எனக்கும் பிடித்துவிட்டது.

நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். நேரே சொல்ல வருகுதில்லை. அதனால் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஓரிடத்திலிருந்து தொடங்குகிறேன்.

தொப்பியனை நினைவிருக்கிறதா? ஊரடங்கு நாட்களுக்கென்று ஜெமீல் நானாவிடம் வாடகைக்கு எடுத்துவந்து விளையாடுவோமே, அந்த ஜப்பான் கசெற். அதில் ஒரு எழுத்தும் எங்களுக்கு விளங்காது. பெரிய நீலத் தொப்பி போட்ட சின்ன ஆளுக்கு நாங்களே வைத்த பெயர் தொப்பியன். மூன்று கோட்டையைத் தாண்டினால் ஒரு ஆறு வரும். தொப்பியன் இறங்குவான், தலை மறையும், தொப்பி மட்டும் மிதந்து போகும். அக்கரையில் ஏறுவது சிவப்புப் பாவாடை கட்டிய, தலைமயிர் தோளில் தொங்குகிற ஒரு பெட்டை. அதற்குப் பிறகு கடைசிவரைக்கும் அவள்தான்.

அதில் உங்களுக்கும் எனக்கும் தீராத வழக்கு. "பெடியன் தாண்டு செத்துப்போயிட்டான், இது அவன்ர தங்கச்சி. அவன் விட்ட வேலையை முடிக்க வந்திருக்கிறாள்" என்பீர்கள் நீங்கள். "இல்லை, ரெண்டும் ஒரே ஆள்தான்" என்பேன் நான். ஏன் அவ்வளவு அடம்பிடித்தேன் என்று நீங்கள் கேட்டதேயில்லை.

ரீ.வி.யின் மேல் மூலையில் எத்தனை உயிர் மிச்சம் என்று காட்டும். தொப்பியன் ஒரேயொரு உயிரோடு ஆற்றில் இறங்கினால், அக்கரையில் ஏறுகிறவளுக்கும் ஒரு உயிர்தான். புது ஆள் என்றால் புதிதாக மூன்று உயிர் கொடுக்க வேண்டாமா? மூன்றாம் கோட்டையில் அவனுக்குக் காயம் பட்டிருந்தால் அவளும் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். தொப்பி போட்டிருந்த காலத்திலும் அது பெட்டைதான், அக்கா. பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான். இதற்குமேல் சுற்றிவளைக்க என்னால் ஏலாது. நான் பெண். ஆறேழு வயதிலேயே எனக்கு அது தெரியும், சொல்ல வாய் வரவில்லை. மூன்று வருசத்துக்கு முன், பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிற ஆமியின் சுற்றிவளைப்புகளுக்குப் பயந்து அம்மா என்னை இங்கே அனுப்பியபோது, ஊர் தெரியாத இடத்தில் மெல்ல மெல்ல நானாக இருக்கத் தொடங்கினேன். தலைமயிர் இப்போது நடுமுதுகு வரை. அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோர்க்கும் வேலை, அங்கே எல்லாருக்கும் நான் தவமணி. என்னோடு அறையில் இருக்கிற புஸ்பராணிக்கு எல்லாம் தெரியும். அவள் சட்டை தைக்கக் கொடுத்தால் எனக்கும் சேர்த்துத்தான் கொடுப்பாள்.

அடையாள அட்டையில் மட்டும் இன்னும் தவராசாதான். அதில் பெண்களுக்குப் பிறந்த நாள் இலக்கத்தோடு ஐந்நூறைக் கூட்டிப் போடுவார்கள், தெரியுமா? எனக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் இருக்கிற வழக்கு அந்த ஐந்நூறுதான்.

வேட்டி கட்டித் தோழனாக நிற்க என்னால் முடியாது. சேலை கட்டிக்கொண்டு வா என்று ஒரு சொல் எழுதுங்கள், நடந்தாவது வருகிறேன்.

இப்படிக்கு,
தவம்

பி.கு.: உங்கள் போன கடிதத்தை வழியில் யாரோ பிரித்து ஒட்டியிருந்தார்கள். மூன்று கோட்டை, ஆறு, மிச்சமுள்ள உயிர் என்று இதை வாசிக்கிறவர் என்ன நினைக்கப்போகிறாரோ. ஐயா, இது ரீ.வி. கேம்.

ஓர்ஸ் ஹில்,
20.02.1999

தவம்,

உன் கடிதத்தைக் குசினிக்குள் நின்று ஒருமுறை வாசித்தேன். கிணற்றடிக்குப் போய் இன்னொருமுறை வாசித்தேன். சோறு அடிப்பிடித்து அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டா, புகை பட்டது என்றேன்.

இருந்த ஒரு ஆம்பிளைப் பிள்ளையையும் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு அம்மா அனுப்பியது, உயிரோடு இருக்கட்டும் என்றுதான். நீ ஒரு கசெற்றைக் காட்டி, அந்தப் பிள்ளை ஒருநாளும் இருந்ததில்லை என்கிறாய். பிறகு நான் தூக்கி வளர்த்தது யாரை?

எனக்கு இன்றைக்கும் அது தாண்டுபோன பெடியன்தான். "ஆறு வரைக்கும் நான், ஆத்துக்குப் பிறகு நீ" என்று சட்டம் போட்டது நான்தானே. தொப்பி மிதக்கத் தொடங்கியதும் றிமோட்டை உன் கையில் தந்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவேன். தேத்தண்ணி போட என்று நினைத்திருப்பாய். அழுவதற்கு. மூன்று கோட்டையும் என் கையால் கொண்டுவந்து சேர்த்த ஆளை அந்த ஆறு எடுத்துக்கொண்டு போகும். பிறகு வருகிறவளை நிமிர்ந்து பார்க்கவும் எனக்கு மனம் வராது.

உன்னிடம் ஒரேயொரு நாள் கேட்கிறேன். தலைமயிரை வெட்டி, வேட்டியைக் கட்டி, அவர் காலைக் கழுவிவிட்டுப் போ. அடுத்த நாள் நீ என்னவாக இருந்தாலும் கேட்கமாட்டேன். மாட்டாய் என்றால் சொல்லு, தம்பி காணாமல் போய்விட்டான் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் அதைக் கேட்டவர்கள் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

குணேஸ்வரி

வெள்ளவத்தை,
03.03.1999

அக்கா,

அந்த ஒரு நாளைத்தான் பதினெட்டு வருசம் ஒவ்வொரு நாளாகத் தந்துகொண்டிருந்தேன். என்னிடம் இனி மிச்சமில்லை.

காணாமல் போய்விட்டதாகச் சொல்வதென்றால் சொல்லுங்கள். அம்மாவின் காதில் மட்டும் விழாமல் சொல்லுங்கள். அவ நம்பிவிடுவா.

கூறைச்சேலைக்குத் தைக்கச் சட்டைத் துணி ஒன்று எடுத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் யாரும் பஸ்ஸில் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். அரக்கு நிறம், உங்களுக்கு நன்றாக இருக்கும்.

தவம்

ஓர்ஸ் ஹில்,
18.04.1999

என் தவம்,

ஆறு கிழமையாக எழுதவில்லை. கோபம் பத்து நாளில் முடிந்துவிட்டது. மிச்ச நாளெல்லாம் வெட்கம்.

சட்டைத் துணி வந்து சேர்ந்தது. அன்று பின்னேரமே ஜெமீல் நானாவிடம் போய், தொப்பியன் கசெற்றும் பெட்டியும் வேண்டும் என்றேன். "கலியாணப் பொம்பிளைக்கு இப்ப ரீ.வி. கேமோ?" என்று சிரித்தார். அந்தக் கசெற்றை இப்போது ஒருவரும் கேட்பதில்லையாம், நீயே வைத்துக்கொள் என்று தந்துவிட்டார்.

அடுத்த நாள் அம்மா கோயிலுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கை மறந்திருக்கும் என்று நினைத்தேன், மறக்கவில்லை. உனக்குத் தெரியும், தொப்பியனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொத்தானை அமர்த்தினால் உடனே குதிக்கமாட்டான், ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் குதிப்பான். அதற்கு ஏற்ற மாதிரி முன்கூட்டியே அமர்த்த வேண்டும். அது பழக எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

ஆறு வந்தது, தொப்பி மிதந்தது. றிமோட்டை நீட்டினேன். வாங்கிக்கொள்ள நீ இல்லை.

அதனால் நானே பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஏறினாள். அக்கரையில் முதல் பள்ளம் வருகிறது, நான் யோசிக்கவேயில்லை, என் விரல் ஒரு கணம் முன்கூட்டியே அமர்த்தியது. அவளும் ஒரு கணம் யோசித்துவிட்டுக் குதித்தாள். தவம், அந்தப் பெட்டையை என் வாழ்க்கையில் நான் விளையாடியதில்லை. ஆனால் என் கைக்கு அவளைத் தெரிந்திருந்தது. மூன்று கோட்டையும் நான் கூட்டிவந்த அதே ஆள். ஒருவரும் தாண்டு போகவில்லை. ஆற்றங்கரையில் ஆள் மாறியது ரீ.வி.க்கு உள்ளே இல்லை, வெளியேதான். நான் எழும்பிப் போனேன், நீ இருந்தாய். பார்க்காமல் எழும்பிப் போனவள் நான், அவன் செத்துப்போனான் என்று வழக்காடியிருக்கிறேன்.

அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கலியாண அலுவலாக வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும், "அப்ப காலைக் கழுவுறது ஆர்?" என்றார். தம்பலகாமத்து இராசதுரை சித்தப்பாவின் மகன் கழுவுவான் என்றேன். "தண்ணி சுடாமல் இருந்தால் சரி" என்றார். பிறகு அவரே, "எனக்குக் கூடப்பிறந்த பொம்பிளைச் சகோதரம் இல்லை. தோழிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறம். அவ நிப்பாவோ?" என்று கேட்டார். அவர் சொன்ன அந்த "அவ"வை நான் இன்னும் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பக்கத்தில் தோழியாக வந்து நில். தாலி கட்டும்போது என் கூந்தலைத் தூக்கிப் பிடிக்க வேண்டியது நீ.

அம்மாவுக்கும் சொன்னேன். இடியப்பம் பிழிந்துகொண்டே இருந்தா. இரண்டு பேருக்குப் பிழிய வேண்டியதை இருபது பேருக்குப் பிழிந்துவிட்டா. அவவின் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மறைக்காமல் சொல்கிறேன்.

கசெற் பெட்டிக்குள் மடித்த கடதாசி ஒன்று இருந்தது. விளையாட்டின் கதை போலிருக்கிறது, எல்லாம் ஜப்பான் எழுத்து. இதோடு வைக்கிறேன். கொழும்பில் யாரிடமாவது காட்டிக் கேள்.

அக்கா

வெள்ளவத்தை,
02.05.1999

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எண்ணவில்லை. புஸ்பராணி பறித்து வாசித்துவிட்டு, தோழிக்கு என்ன நிறச் சேலை என்று இரண்டு நாள் என்னோடு சண்டை. இந்தக் கடிதத்தைச் சந்தோசமாகத்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

புஸ்பராணி ஜப்பான் மொழி வகுப்புக்குப் போகிறாள். அந்தக் கடதாசியை ஆசிரியையிடம் கொண்டுபோய்க் கேட்டு வந்தாள். முதலில் மறைக்கப் பார்த்தாள். அவளுடைய முகமே சொல்லிவிட்டது.

அதில் இருப்பது அண்ணனும் தங்கையும், அக்கா. அண்ணன் களைத்துப்போய் ஆற்றோடு நின்றுவிடுகிறானாம், தங்கை போகிறாளாம். இரண்டு பேருக்கும் வேறு வேறு பெயர் போட்டிருக்கிறது. நீங்கள் சொன்னதுதான் கிட்டத்தட்டச் சரி. நான்தான் பிழை.

சிரிப்பீர்கள். இருபத்தொரு வயதில் ஒரு கடதாசிக்காக யாரும் அழுவார்களா? ஆனால் அந்த வீட்டில், அந்த வயதில், என்னைப்போல் ஒரு ஆளை நான் கண்டது அந்த விளையாட்டில் மட்டும்தான். எங்கோ ஜப்பானில் முகம் தெரியாத ஒருவருக்கு இது விளங்கியிருக்கிறது, அதனால்தான் அப்படிச் செய்தார் என்று நம்பி நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அப்படி ஒருவரும் இல்லையாம்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது. சோதனைக்குப் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கும்போது ஆம்பிளைகள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நான் எதில் நிற்பேன்? அட்டையை ஒருவர் பார்ப்பார், ஆளை ஒருவர் தடவிப் பார்ப்பார். அதையும் தாண்டி வந்தாலும் வாசலில் அம்மா. இடியப்பம் பிழிந்தா என்று எழுதியிருக்கிறீர்கள். வரட்டும் என்று சொன்னதாக எழுதவில்லை.

நான் வராவிட்டால் கோவிக்கவேண்டாம்.

தவம்

ஓர்ஸ் ஹில்,
13.05.1999

அடி தவம்,

நல்ல விசரி நீ.

அந்தக் கடதாசியை எழுதியவன் அந்த விளையாட்டை ஒருநாளும் விளையாடிப் பார்த்திருக்கமாட்டான். கந்தோரில் கதிரையில் இருந்து எழுதியிருப்பான். அண்ணன் களைத்துக் கரையில் நின்றுவிட்டானாம். நின்றால் அவனுடைய காயம் எப்படி அவளோடு அக்கரைக்குப் போனது? அவன் தொலைத்த இரண்டு உயிரை அவளுக்கு ஏன் குறைத்தார்கள்? வரச்சொல்லு அவனை, நான் கேட்கிறேன்.

இத்தனை வருசமும் உன்னோடு எதிர்வழக்காடியவள் நான். நானே தோற்றுவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகு, வழியில் போன ஒரு கடதாசியைக் கொண்டுவந்து எனக்கு வெற்றி தருகிறாய். எனக்கு வேண்டாம். கடதாசியில் இருப்பதெல்லாம் சரியென்றால் உன்னுடைய அடையாள அட்டையும் சரிதான். உன்னைப்போல் ஒரு ஆளை யாரும் நினைத்துச் செய்யவில்லை என்றால் என்ன, நீ பார்த்துக் கண்டுபிடித்தாய். பதினாலு வயதில், ஒருவரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்தாய். எனக்கு அதுவே பெரிசு.

இனி வேலை விசயம். எந்த வரிசையில் நிற்பது என்று நான் சொல்லமாட்டேன். ஆபத்து உனக்கு, முடிவும் உன்னுடையது. பயமாக இருந்தால் சேட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் மாற்று. அதனால் நீ ஆம்பிளையாகிவிடப் போவதில்லை. அச்சகத்திடம் வேலைக் கடிதம் ஒன்று வாங்கி வை. மூன்றாந் திகதி காலை தொடக்கம் ஊருக்குள் நுழைகிற கடைசிச் சோதனைச் சாவடியில் அவர் நிற்பார். துறைமுகப் பாஸ் இருக்கிறது, சிங்களம் நன்றாகப் பேசுவார். அவர் அங்கே நிற்கப்போவது நீ வந்தாலும்தான், வராவிட்டாலும்தான்.

அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று அலுமாரியைத் திறந்தபோது பார்த்தேன், உனக்கென்று வாங்கிய வேட்டி அந்த இடத்தில் இல்லை. என்ன செய்தா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அக்கா

ஓர்ஸ் ஹில்,
09.06.1999

அன்புத் தங்கச்சி,

போய்ச் சேர்ந்ததாக அரசாங்கக் கச்சேரியடித் தொலைபேசிக் கடைக்கு நீ சொன்ன செய்தி கிடைத்தது. இரண்டு நாள்தானே நின்றாய். வந்த சனத்துக்குள் உன்னோடு ஆறுதலாகக் கதைக்கவும் முடியவில்லை. அதனால் உனக்குத் தெரியாத இரண்டு விசயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது. சாவடியில் என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, விட்டிட்டினம்" என்று மட்டும் சொன்னாய். உன் அத்தான் நேற்றுத்தான் மிச்சத்தைச் சொன்னார். சேலையோடு இறங்கி, இரண்டு வரிசைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாயாம். பிறகு பெண்கள் வரிசைக்குப் போனாயாம். பொலிஸ்காரி அட்டையைப் பார்க்கிறாள், உன்னைப் பார்க்கிறாள், திரும்பவும் அட்டையைப் பார்க்கிறாள். இவர் கிட்டப் போய், "மகே நங்கி" என்றாராம். என் தங்கச்சி என்று. இதை இந்த வீட்டில் அதுவரைக்கும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை, நான்கூட. அவள் உன்னைத் தடவிப் பார்க்காமல், பையை மட்டும் பார்த்துவிட்டு விட்டாளாம். அதைச் சொல்லும்போது இவருக்குக் குரல் தழுதழுத்தது. வடைக்காரருக்கு.

இரண்டாவது, அம்மா. வாசலில் உன்னைக் கண்டதும் "சாப்பிட்டியோ" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டா என்று நீ முகம் வாடிப்போனதைக் கண்டேன். போகும்போதும் உன் தலையை மட்டும் தடவிவிட்டா. ஏற்றுக்கொண்டாவா இல்லையா என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் போயிருப்பாய்.

தாலி கட்டி முடிந்து நீ எனக்குப் பக்கத்தில் படத்துக்கு நின்றுகொண்டிருந்த நேரம், பந்தலுக்குள் பெண்கள் பக்கத்தில் நடந்தது இது. நீ படம் எடுப்பவரின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய், மணவறையில் எனக்குத்தான் காதில் விழுந்தது. பாக்கியரத்தினம் மாமி அம்மாவிடம் குனிந்து, "கனகம்மா, ஒரே ஒரு பெடியன், அக்காவின்ர கலியாணத்துக்கும் வரேல்லையே. அவனுக்கு ஏதும் நடந்து போச்சோ?" என்று கேட்டா. சுற்றியிருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டார்கள். அதில் இருந்த பாதிப்பேரின் வீட்டில் அப்படிக் காணாமல் போன ஒரு பிள்ளை உண்டு, உனக்குத் தெரியும்தானே.

அம்மா மணவறைப் பக்கம் கையை நீட்டினா. குரலைத் தாழ்த்தவுமில்லை, உயர்த்தவுமில்லை.

"நான் பெத்தது ரெண்டு. அந்தா பார், ரெண்டும் உயிரோட நிக்குது."

உன் அக்கா,
குணேஸ்வரி